ஆலாக்கள் வாயடங்கும் நேரம்

அந்தக் காலத்தில் எல்லாப் பறவைகளுக்கும் பேச்சு இருந்தது. மற்றப் பறவைகள் பேசின, ஆலா என்ற கடற்பறவைகள் மட்டும் கத்தின. கடலோரத்தில் ஆலாக்கூட்டம் எங்கே இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. காது இருந்தால் போதும். மீன் கிடைத்தால் கத்துவார்கள், கிடைக்காவிட்டாலும் கத்துவார்கள். பக்கத்தில் இருப்பவன் கத்தினால், ஏன் கத்துகிறாய் என்று கேட்டுக் கத்துவார்கள். அவர்களுடைய சபையும் அதே லட்சணம்தான். தென்கரைப் பாறையில் எல்லோரும் கூடுவார்கள். யாருடைய குரல் கடைசிவரை நிற்கிறதோ அவர் சொன்னது சட்டம்.

அந்தச் சபையில் வெங்கலத்தான் என்று ஒருவன் இருந்தான். பெயருக்கு ஏற்ற தொண்டை. அவன் வாயைத் திறந்தால் நண்டுகள் வளைக்குள் ஓடும். அவனுக்கு ஈடு கொடுக்கக்கூடியவன் தாழையன் ஒருவன்தான். இரண்டு பேரும் குஞ்சுப் பருவத்திலிருந்தே கூட்டாளிகள். சபை என்று வந்துவிட்டால் மட்டும் எலியும் பூனையும்.

பழைய தலைவர் இறந்துபோன அன்று, அடுத்து யார் என்று இந்த இரண்டு பேரும் காலையில் கத்த ஆரம்பித்தார்கள். பொழுது சாயும்வரை விடவில்லை. மறுநாள் காலையில் பாறைக்கு வந்து வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் வெறும் காற்றுதான் வந்தது. சபையே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. அப்போது ஓரத்திலிருந்து அலையாயி என்ற பெண் ஆலா, "சரி, மீன் வர்ற நேரமாச்சு. ஆக வேண்டியதப் பார்ப்போமா?" என்றாள். சாதாரணக் குரல், தணிந்த குரல். ஆனால் அன்று பாறையில் கேட்டது அந்த ஒரு குரல்தான். சட்டப்படி அவள் தலைவியாகிவிட்டாள். மறுத்துச் சொல்ல வெங்கலத்தானுக்குத் தொண்டை இல்லை.

தொண்டை திரும்பியதும் அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். "இதெல்லாம் ஒரு ஏற்பாடா? நாலு நாள் கூத்து. ஒரு கஷ்டம் வந்தா அப்பத் தெரியும் அவ வண்டவாளம்."

கஷ்டம் வரத்தான் செய்தது.

கடலுக்குள்ளே இரட்டைத் திட்டு என்று இரண்டு மணல் தீவுகள் உண்டு. மரம் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஒளிந்து வருவதற்கு ஒரு புதர்கூடக் கிடையாது என்பதால்தான் ஆலாக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போய் முட்டையிட்டார்கள். வெறும் மணலில் ஒரு பள்ளம், அதில் ஒரே முட்டை. குஞ்சு பறக்கப் பழகியதும் தென்கரைக்குத் திரும்பிவிடுவார்கள். வருஷத்தின் மிச்சப் பொழுதெல்லாம் திட்டு காலியாகத்தான் கிடக்கும்.

வடகரையில் இருந்த கடற்காகங்களுக்கு இதுதான் கண்ணை உறுத்தியது. திட்டு அவர்கள் கரைக்குப் பக்கம். "நாங்க எட்டிப் பிடிக்கிற தூரத்துல இருக்கோம். நீங்க எங்கிருந்தோ வந்து முட்டையிட்டுட்டுப் போனா ஊரு உங்களுதா?" என்பது அவர்கள் கட்சி. "நாங்க ஒவ்வொருத்தரும் கண்ணு முழிச்சதே அந்த மணல்லதான்" என்பது ஆலாக்கள் கட்சி. வருஷாவருஷம் அவர்கள் கேட்பார்கள், இவர்கள் கத்துவார்கள், அத்தோடு முடிந்துபோகும்.

அந்த வருஷம் வடகரையில் மீன் பொய்த்துவிட்டது. கடற்காகங்களின் தலைவன் பெருவாயன். பசித்த சனம் அவன் வாசலில் வந்து நின்று கேள்வி கேட்க ஆரம்பித்தது. அவனிடம் கொடுக்க மீன் இல்லை. அதனால் தீவைக் கொடுத்தான். "இரட்டைத் திட்டு நம்ம சொத்து!" என்று ஒரு முழக்கம் போட்டான். சனமும் பசியைக் கொஞ்ச நேரம் மறந்து சிறகைத் தட்டி ஆரவாரம் செய்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் படையோடு போய்த் திட்டில் இறங்கிவிட்டான்.

முட்டையிட முந்திப் போயிருந்த சில ஆலாக்கள் மட்டும்தான் அப்போது அங்கே இருந்தார்கள். முட்டைகளைப் பறிகொடுத்துவிட்டு, அலங்கோலமாகத் தென்கரை வந்து விழுந்தார்கள். வெங்கலத்தான் அவர்கள் ஒவ்வொருவர் முகமாகத் தேடினான். அவன் மகள் கொடியாளும் அந்தக் கூட்டத்தோடு போனவள். அது அவளுக்குத் தலைச்சன் முட்டை.

"எம் மக எங்க?" என்றான்.

வந்தவர்களில் ஒருத்தி மூச்சு வாங்கச் சொன்னாள். "வரல, பெரியப்பா. முட்டைய விட்டு எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்துட்டா. பெருவாயன் அவள ஒண்ணும் செய்யல. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுறான், பாருங்க, எங்க ஆட்சியில ஆலாகூட எவ்வளவு நிம்மதியா அடைகாக்குதுன்னு."

சபை கூடியதும் முதல் குரல் வெங்கலத்தானுடையதுதான். "பேசி முடிச்சுக்குவோம்! பெரிய திட்டு அவங்களுக்கு, சின்னத் திட்டு நமக்கு. எம் மக உசுரோட வந்தா எனக்குப் போதும்!"

பாதிச் சபை அவனோடு சேர்ந்து கத்தியது. அலையாயி பொறுத்திருந்தாள். கத்தல் ஓய்வதற்கென்று ஒரு நேரம் உண்டு என்பதை அவள் தலைவியான அன்றே கற்றுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உங்க மக ஒத்தையா உக்காந்துக்கிட்டு விட்டுக்கொடுக்க மாட்டேங்கறா. இத்தன பேரு இங்க உக்காந்துக்கிட்டு நாம விட்டுக்கொடுத்துட்டா, அவ மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்றாள். "பாதி கொடுத்தா வாங்கிக்குவான். அடுத்த தடவ அவன் ஊர்ல பசிச்சா மீதியக் கேப்பான். அப்ப நாம முட்டைய எங்க வைக்கிறது, அலை மேலயா?"

அவள் சொன்னது சரி என்பதுதான் வெங்கலத்தானுக்கு ஆத்திரத்தைக் கூட்டியது.

படை கிளம்பியது. எல்லோரும் மேகத்தை ஒட்டி உயரப் போக வேண்டும், திட்டுக்கு நேர் மேலே வந்ததும் ஒரே பாய்ச்சலாக இறங்க வேண்டும் என்பது அலையாயியின் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் தொலைவில் திட்டு ஒரு வெள்ளைக் கீற்றாகத் தெரிந்ததுமே வெங்கலத்தானுக்கு மகள் நினைப்பு வந்துவிட்டது. அப்பன் வருகிறான் என்று அவள் காதில் விழட்டுமே என்று தொண்டையைத் திறந்தான். ஒரு ஆலா கத்தினால் மற்ற ஆலா சும்மா இருக்குமா? படை முழுக்க ஆர்ப்பரித்துக்கொண்டு போனது. போய்ச் சேரும்போது பெருவாயனின் படை அலகைத் தீட்டிக்கொண்டு வரிசைகட்டி நின்றது.

அதன்பின் நடந்ததை விவரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறையப் பேர் கடலில் விழுந்தார்கள். தாழையன் ஒரு சிறகு கிழிந்து தப்பினான். கீழே மணலில் உட்கார்ந்திருந்த கொடியாள், அப்பனின் குரல் நெருங்கி வந்ததையும் கேட்டாள், தேய்ந்து போனதையும் கேட்டாள்.

தென்கரைப் பாறையில் மறுபடி சபை. எல்லோரும் அலையாயியைப் பிடித்து உலுக்கினார்கள். உன்னால்தான், உன்னால்தான் என்று நாலா பக்கமும் கூச்சல். வெங்கலத்தான் ஒரு ஓரத்தில், அலகைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தான்.

வரவில்லை. "போகச் சொன்னது நான். செத்தவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றாள் அலையாயி. அவன் இருந்த பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

கூட்டம் கலைந்தபின் அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவளிடம் போனான். "எல்லாம் என் குரலால வந்த வினைன்னு நீ சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன ஆகும்? மகளுக்காகக் கத்துன அப்பன நாலு பேரு சேந்து கொத்திப் போடுவாங்க. செத்தவங்க வந்துருவாங்களா?" என்றாள் அவள். "எனக்கு நாளைக்கு நீங்க வேணும், அண்ணே. மறுபடியும் போறோம்."

"மறுபடியுமா? நம்ம சனத்தாலதான் வாய மூட முடியாதே, தாயி!"

தாயி என்று தன்னை அறியாமல்தான் சொன்னான். அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆலாக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்கப் போகிறவன் வெறும் அலகோடு போகக்கூடாது. ஒரு மீனைக் கவ்விக்கொண்டு போய் அவள் முன்னால் வைக்க வேண்டும். அடைகாக்கிறவளுக்கும் அப்படித்தான், அவளுக்கென்று மீன் வரும். இன்னொருத்திக்கென்று கவ்விய மீனை எவ்வளவு பசித்தாலும் தின்ன மாட்டார்கள், என்ன நடந்தாலும் கீழே போட மாட்டார்கள். மீனை நழுவவிட்டவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால் அவனுக்குப் பெண் கொடுக்க ஆள் கிடையாது. அதைவிடப் பெரிய வசவு ஆலாக்களின் பேச்சில் இல்லை.

மறுநாள் சபையில் அலையாயி எழுந்தாள். வாயை மூடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு கூச்சல் கிளம்பியிருக்கும்.

"நம்ம பொண்ணு ஒருத்தி அங்க ஒத்தையில அடைகாக்குறா. அவளுக்கு மீன் கொண்டுபோக ஆளில்ல. ஆளுக்கொரு சாளை மீனக் கவ்விக்கங்க. கொண்டுபோய் அவ முன்னால வச்சுட்டு, அப்புறமா சண்டையப் பாத்துக்குவோம்" என்றாள்.

சபை ஒரு கணம் விழித்தது. பிறகு சூட்சுமம் புரிந்து சிரித்தது. வெங்கலத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

இந்த முறை உச்சி வெயிலில் கிளம்பினார்கள். வெயில் கடல்மேல் பட்டுக் கண் கூசும் நேரம். கடற்காகங்கள் தின்ற மயக்கத்தில் கண்ணயரும் நேரமும் அதுதான். மேகத்தை ஒட்டி அல்ல, அலையை ஒட்டித் தாழப் பறந்தார்கள். ஒவ்வொரு அலகிலும் ஒரு மீன். ஒரு சத்தம் இல்லை. இத்தனை ஆலாக்கள் ஒன்றாகப் போயும் காற்றின் ஓசை மட்டுமே கேட்டது அதுதான் முதல் தடவை.

தாழையனும் வந்திருந்தான். கிழிந்த சிறகோடு வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். "நாளைக்குச் சபையில அந்த வெங்கலத்தான் ஒருத்தனே பீத்திக்கிட்டுத் திரியவா?" என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன்.

பாதி தூரம் தாண்டியதும் அவன் பின்தங்கினான். வெங்கலத்தான் திரும்பிப் பார்த்தபோது அலை தாழையனின் வயிற்றைத் தொட்டது. மறுமுறை பார்த்தபோது தாழையன் தண்ணீரில் கிடந்தான், சிறகு விரிந்தபடி. அலகில் மீன் அப்படியே இருந்தது. அவன் வெங்கலத்தானைத்தான் பார்த்தான். வாழ்நாள் முழுக்க யார் குரல் பெரியது என்று இவனோடு மல்லுக்கு நின்றவன், இப்போது ஒரு முனகல்கூட இல்லாமல் பார்த்தான்.

ஒரு சத்தம் போட்டால் போதும். நாலு பேர் திரும்பி வந்து தூக்கிவிடுவார்கள். ஆனால் திட்டு கண்ணுக்குத் தெரியும் தூரம் வந்துவிட்டது. அந்தச் சத்தம் எங்கே போய் விழும் என்று அவனுக்குத் தெரியும். வெங்கலத்தான் அலையாயியைப் பார்த்தான். அவளும் திரும்பித்தான் இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தாள். அவள் கண் தாழையன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முகத்தைத் திட்டின் பக்கம் திருப்பிக்கொண்டு பறந்தாள்.

வெங்கலத்தானும் பறந்தான். அந்தச் சமயத்தில் அவளை அவன் வெறுத்தான் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. இவளுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டே பறந்தான். ஆனால் அலகைத் திறக்கவில்லை.

திட்டில் பெருவாயனின் படை கழுத்தை முதுகில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. காவலுக்கு நின்றவனுக்கு வெயில் கண்ணைக் கட்டியிருந்தது. நடுமணலில் கொடியாள் ஒரு கல்லைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அலையாயி முதலில் இறங்கி, தன் மீனை அவள் முன்னால் வைத்தாள். அடுத்தது வெங்கலத்தான். அப்படியே ஒவ்வொருவராக வந்து வைத்துவிட்டு மேலே எழும்பினார்கள். கடைசி மீன் வைத்தாகிவிட்டதும் அலையாயி வெங்கலத்தானைப் பார்த்தாள்.

"அண்ணே, இப்பக் கத்துங்க."

கத்தினான். மகளை எண்ணி, தாழையனை எண்ணி, முதல் சண்டையில் விழுந்தவர்களை எண்ணி, அத்தனை தூரம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினான். கூடவே படையே கத்தியது. தூக்கத்திலிருந்து எழுந்த கடற்காகங்களுக்கு வானம் இடிந்து தலையில் விழுந்ததாகத்தான் பட்டது. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள், ஒன்றும் விளங்கவில்லை. ஒருவன்மேல் ஒருவன் முட்டி மோதிக்கொண்டு வடக்கே ஓடினார்கள். பெருவாயன் எல்லோருக்கும் முன்னால் ஓடினான். அதிலாவது அவன் தலைவனாக நடந்துகொண்டான். அவன் வடகரை போய்ச் சேர்ந்தபோது சனம் பழையபடி வாசலில் நின்று, "சரி, மீன் எங்கே?" என்று கேட்டதாகவும், அன்றோடு அவன் பதவி போனதாகவும் கேள்வி.

கொடியாள் தன்னைச் சுற்றிக் குவிந்திருந்த மீனைப் பார்த்தாள். அப்பனைப் பார்த்தாள். "இம்புட்டையும் யாருப்பா திங்கிறது?" என்றாள். அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டாள். அவள் வயிற்றுக்கு அடியில் முட்டை விரிசல் விட ஆரம்பித்திருந்தது.

திட்டில் ஒரே கொண்டாட்டம். அலையாயித் திட்டு என்று பெயரை மாற்ற வேண்டும் என்று சபை கூடி முடிவு செய்தது. சொல்லலாம் என்று தேடினால் அவளைக் காணவில்லை. வெங்கலத்தான் தேடிக்கொண்டு கரைப்பக்கம் வந்தான். வெறுப்பு அவனுக்கு இன்னும் ஆறவில்லை. நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தான்.

கடல்மேல் ஒரே ஒரு ஆலா தாழப் பறந்து போவது தெரிந்தது. அலகில் ஒரு மீன். சத்தமே இல்லை. அவன் எட்ட இருந்தே பின்தொடர்ந்தான். தாழையன் விழுந்த இடத்துக்கு மேலே போய் அலையாயி அலகைத் திறந்தாள். மீன் தண்ணீரில் விழுந்து மறைந்தது. அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

திரும்பும்போது அவனைப் பார்த்தாள். கேட்க வந்த நாலு வார்த்தையில் ஒன்றும் அவன் வாயில் வரவில்லை. "பேரு மாத்தப் போறாங்களாம்" என்று மட்டும் சொன்னான்.

"எதுக்கு? இரட்டைத் திட்டுன்னா யாருக்கும் வழி தெரியாதாமா?" என்றாள் அவள்.

பெயர் மாறவில்லை. ஒவ்வொரு வருஷமும் முட்டைக்காலத்தில், உச்சி வெயிலில், எல்லோரும் இடத்துக்கு அடித்துக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் எழுந்து போய்விட்டு வருவாள். எங்கே போகிறாள் என்று வெங்கலத்தான் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் யாரிடமும் சொல்லவில்லை. சத்தத்துக்குப் பேர்போன அவன் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான்.

தலைமை என்பது என்றைக்கும் நிற்கிற சமாச்சாரமா? சில வருஷம் கழித்து அலையாயி ஒரு சட்டம் கொண்டுவந்தாள். குஞ்சுகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துக் காவல் போட வேண்டும், காவல் நிற்கிறவர்களுக்கு எல்லோரும் மீன் கொடுக்க வேண்டும் என்றாள். என் மீனை எவனோ தின்பதா என்று சபை கொதித்து எழுந்தது. திட்டை மீட்டவள் என்பதெல்லாம் அந்தக் கூச்சலில் அடிபட்டுப்போனது. வெங்கலத்தான் அவள் பக்கம் நின்று கத்தினான். ஆனால் தொண்டை கிழடாகிவிட்டது. இளந்தாரிகளின் குரலுக்கு முன்னால் அது எடுபடவில்லை. அவன் இருமி இருமிக் கத்துவதைப் பார்த்து அலையாயிதான் பாறையைவிட்டு இறங்கினாள்.

"போதும்ணே. தொண்ட வலிக்கும்" என்றாள்.

அவள் போனபின் சபை அதே சட்டத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. ஆலாக் குஞ்சுகள் கூட்டமாக ஒரே இடத்தில் நிற்பதும், பெரியவர்கள் காவல் நிற்பதும் அவள் சொன்னதுதான். யோசனை அவளுடையது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் தென்கரையில் அவள் கண்ணை மூடினாள். முட்டைக்காலம் வந்தது. எல்லோரும் திட்டுக்கு வந்தார்கள். வழக்கம்போல இடச்சண்டை, மீன்சண்டை, காது கிழியும் இரைச்சல். அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. கிழட்டு வெங்கலத்தானும் பக்கத்துக்காரனிடம், பள்ளத்தை இந்தப் பக்கம் தள்ளித் தோண்டிவிட்டாய் என்று வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். வெயில் உச்சிக்கு வந்தது. சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நின்றது.

இன்றைக்கு மீன் கொண்டுபோக ஆளில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஊரிலேயே பெரிய குரல் திடீரென்று நின்றால் மற்றவர்களுக்கு என்னவோ போல் ஆகத்தானே செய்யும்? பக்கத்துக்காரன் வாயை மூடினான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவளும் மூடினாள். திட்டு முழுக்க அந்த அமைதி பரவியது. வெங்கலத்தான் மகளுக்கென்று வைத்திருந்த சாளையைக் கவ்விக்கொண்டு எழுந்து, அலையை ஒட்டித் தாழப் பறந்தான். அப்பன் எங்கே போகிறான் என்று கொடியாள் கேட்கவில்லை. தன் முட்டையிலிருந்து அவள் எழுந்தாள். பெருவாயனின் படை சுற்றி நின்றபோதும் எழுந்திருக்காதவள் எழுந்ததைப் பார்த்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். அத்தனை ஆலாக்களும் ஒரு சத்தம் இல்லாமல் கடல்மேல் போனார்கள். தாழையன் விழுந்த இடத்தில் வெங்கலத்தான் மீனைப் போட்டான். "தாயி, கொண்டாந்துட்டேன்" என்றான், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்து மணலில் கால் வைத்ததும், "ஏய், அது என் இடம்!" என்று எவனோ ஆரம்பித்தான். அவ்வளவுதான், பழையபடி இரைச்சல். அலையாயி இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

ஆலாக்கள் முட்டையிடும் தீவுப் பக்கம் படகில் போகிறவர்கள் இதைக் கண்ணால் காணலாம். கூட்டம் காதைப் பிளக்கக் கத்திக்கொண்டிருக்கும். வல்லூறும் வந்திருக்காது, வலையும் விழுந்திருக்காது, ஒரு காரணமும் தெரியாது. சட்டென்று அத்தனை வாயும் அடங்கும். மொத்தக் கூட்டமும் எழுந்து, கடலை ஒட்டித் தாழப் பறந்து, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடரும். தன் பெயரைத் தீவுக்கு வைக்கவிடாதவளுக்காக, ஊரிலேயே பெரிய தொண்டைக்காரன் பாதி வார்த்தையில் வாயை மூடினானே, அந்த நாளில் தொடங்கிய வழக்கம்தான் இது.